சுவர் ஒழுகுகிறதா? தயவுசெய்து அடைக்காதீர்கள்

மழை விட்டு நாலு நாள் ஆகவில்லை, மறுபடியும் அதே வேலை ஆரம்பித்துவிட்டது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று எந்தக் குடியிருப்புக்குள் நுழைந்தாலும், மேல்மண் சரியாமல் தாங்கும் தெருவோரத் தடுப்புச் சுவரில் இருக்கும் பைப் துவாரங்களைச் சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். கேட்டால், "சுவர் ஒழுகுது சார், தெருவெல்லாம் ஈரம், வழுக்குது" என்கிறார்கள். சில இடங்களில் துவாரத்துக்குள் பழைய துணியைச் சுருட்டித் திணித்து, மேலே பூச்சு, அதன் மேல் பெயின்ட், பெயின்டில் அருவியும் மயிலும். தெரு அழகாக இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு சட்டிக் கலவை சுவருக்கு மேல் இருக்கும் வீட்டையும் கீழே இருக்கும் வீட்டையும் சேர்த்து ஆபத்தில் வைக்கிறது.

அந்தத் துவாரம் பழுது இல்லை. சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியே வர வேண்டும் என்றே வைத்தது. மழைக்காலத்தில் ஒழுகும் சுவர் தன் வேலையைச் செய்கிறது. மேலே மண் சொதசொதவென்று இருக்க, சுவர் மட்டும் காய்ந்து கிடந்தால் அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 3 மீட்டர் உயரச் சுவர். பின்னால் மண் ஈரமில்லாமல் இருக்கும்போது, ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அந்த மண் ஏறக்குறைய இரண்டே முக்கால் டன் விசையோடு தள்ளுகிறது. சுவர் அதைத் தாங்கத்தான் கட்டப்பட்டது. அதே மண்ணில் தண்ணீர் மேல்வரை நிறைந்தால், தண்ணீர் மட்டும் தனியாக நாலரை டன் தள்ளும். மண்ணையும் சேர்த்தால் ஆறு டன்னை நெருங்கும். பத்து மீட்டர்ச் சுவர் என்றால், சரக்கு ஏற்றிய மூன்று லாரிகளின் எடை பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "சுவர் நல்ல கெட்டியான கல் கட்டு, இருபது வருஷமா நிக்குது" என்பார்கள். இருபது வருடமாகத் துவாரம் திறந்திருந்தது, அதனால் நின்றது.

புதிதாகச் சுவர் கட்டும் தெருக்காரர்கள் கான்ட்ராக்டரிடம் கேட்க வேண்டியவை இவை. துவாரத்துக்கு 100 மி.மீ. பிவிசி பைப். குறுக்கிலும் உயரத்திலும் ஒரு மீட்டருக்கு ஒன்று, ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை தள்ளித் தள்ளி. வெளிப்பக்கம் சரிவு, 20-க்கு 1. அடி வரிசை தரையிலிருந்து 15 செ.மீ. மேலே. இதெல்லாம் வெளியே தெரிவது, அதனால் பெரும்பாலும் செய்துவிடுவார்கள். வெளியே தெரியாததில்தான் தவறு நடக்கிறது. சுவருக்குப் பின்னால் 60 செ.மீ. அகலத்துக்குக் கல் அடுக்கு வேண்டும். சுவரை ஒட்டிப் பெரிய கல், அடுத்து ஒண்ணரை அங்குல ஜல்லி, மண்ணை ஒட்டிச் சிறு ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டும் ஜியோ துணி. அந்த இடத்தில் இடித்த கட்டடக் குப்பையையும் சிமென்ட் சாக்கையும் வெட்டிய மண்ணையும் கொட்டி மூடிவிடுகிறார்கள். பைப் இருக்கும், பைப்புக்குத் தண்ணீர் வந்து சேர வழி இருக்காது. இன்னும் மோசம், அரையடித் துண்டுப் பைப்பை முகப்பில் மட்டும் பதித்துவிட்டு எம்-புக்கில் (வேலையை அளந்து எழுதும் புத்தகம்) முழு நீளம் எழுதுவது. ஒரு மீட்டர் கம்பியை உள்ளே விட்டுப் பாருங்கள். சுவரின் கனத்தைத் தாண்டிப் போய்க் கல்லில் 'டக்'கென்று பட வேண்டும். கலவையில் முட்டி நின்றால் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.

துவாரத்திலிருந்து தெளிவாகத் தண்ணீர் வந்தால் நல்லது. கலங்கலாக, செம்மண் நிறத்தில் தொடர்ந்து வந்தால் பின்னால் மண் அரித்துக்கொண்டு வருகிறது, வடிகட்டி வேலை செய்யவில்லை. அப்போதும் அடைக்கக் கூடாது. பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். தெருவில் ஈரம் வழுக்குகிறது என்பதுதான் பிரச்சினை என்றால், சுவரின் அடியில் 15 செ.மீ. அகலத்தில் ஒரு சின்ன வாய்க்கால் எடுத்து வடிகாலோடு சேர்த்தால் போதும். அரை நாள் வேலை.

அடுத்தது, தெரு முழுவதையும் சுவரோடு சுவராக மூடும் காங்கிரீட். "மண்ணு தெரியாம மூடிட்டா தண்ணி எறங்காது, சரியாது" என்ற நம்பிக்கை மலையெங்கும் இருக்கிறது. தண்ணீர் தெருவின் வழியாக மட்டும்தான் மண்ணுக்குள் போகிறதா? மேலே உள்ள தோட்டத்திலிருந்து, மேல் வீட்டுக் குளியலறைக் குழாயிலிருந்து, உறிஞ்சுகுழியிலிருந்து, நிரம்பி வழியும் டேங்கிலிருந்து, ஓட்டையான குடிநீர்க் குழாயிலிருந்து மண்ணுக்கு உள்ளேயே இறங்கி வருகிறது. மேல் மூடி அதைத் தடுக்காது. தெருவில் விழும் மழையை மட்டும் அது ஒரே இடத்தில் சேர்த்துக் கொண்டுபோய்க் கொட்டும். 5 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளத் தெருவில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் 25,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் இரண்டைத் தெருக் கோடியில் திறந்துவிட்ட கணக்கு. மண்ணும் புல்லும் இருந்தபோது அது பரவி, நின்று, மெதுவாகப் போனது. இப்போது வளைவில் இருக்கும் கடைசி வீட்டின் வாசலில் ஒரே மூச்சில் விழுகிறது.

நம் மழையும் சாதாரணமில்லை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் கொட்டியது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கச் சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மண்சரிவு அபாயம் உள்ளவை என்று நீலகிரியில் மாவட்ட நிர்வாகம் குறித்து வைத்திருக்கும் 283 இடங்களில் மக்கள் குடியிருக்கும் பகுதிகளும் உண்டு.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "காங்கிரீட் வேண்டாம், பேவர் கல் பதிச்சுப் போடுங்க, தெருவுக்குத் தெரு மழைநீர் சேகரிப்புக் குழி வெட்டுங்க" என்று சமவெளியிலிருந்து யோசனை வருகிறது. சென்னைக்குச் சரி. சரிவில், அதுவும் மண் கொட்டி நிரப்பிய பள்ளத்து ஓரத்தில், தண்ணீரைக் குழி வெட்டி உள்ளே இறக்குவது சுவர்த் துவாரத்தை அடைப்பதற்குச் சமம். மலைத் தெருவில் தண்ணீரை வேகம் குறைத்து, வழி காட்டி, பழைய ஓடையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தெருவுக்கு மேலே எதைப் போடுகிறோம் என்பது அதற்கு அடுத்த கேள்வி. பேவர் போடுவதென்றால் வண்டி போகும் இடத்தில் 80 மி.மீ. கல், ஆள் நடக்கும் இடத்தில் 60 மி.மீ. ஏற்றம் 10-க்கு 1-ஐத் தாண்டினால் பேவர் வேண்டாம். அடியில் இருக்கும் மணல் ஒரு மழையில் கரைந்து, கல்லெல்லாம் கீழ்ப்பக்கம் நகர்ந்து பல்வரிசை மாதிரி இளித்துக்கொண்டு நிற்கும். செங்குத்தான இடத்தில் காங்கிரீட்டே மேல், ஆனால் வழவழப்பாகத் தேய்க்காமல் துடைப்பத்தால் குறுக்கே கீறிவிட வேண்டும், விரிசல் விடாமல் இருக்க நாலு மீட்டருக்கு ஒரு குறுக்கு வெட்டு (ஜாயின்ட்) விட வேண்டும்.

தெருவின் சாய்வு மலைப்பக்கம் இருக்கட்டும், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். நடுவில் மேடாக இரு பக்கமும் சரிவது சமவெளி ரோடு. இங்கே மலையடி ஓரமாக வடிகால், தெரு முழுவதும் அதை நோக்கி நாற்பதுக்கு ஒன்று சாய்வு. செங்குத்தாக இறங்கும் வடிகாலைப் படிபடியாகக் கட்டுங்கள், வழவழவென்று விட்டால் தண்ணீர் அடியைத் தோண்டிவிடும். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு வண்டல் தொட்டி. வடிகால் மூடி, தூக்கக்கூடிய துண்டுகளாக, 60 செ.மீ.க்கு மிகாமல், கொக்கி வைத்து. கார் நிறுத்த வசதி என்று வடிகாலின் மேல் ஒரே பலகையாக வார்த்துவிடும் தெருக்கள் உண்டு. அதற்குள் ஒரு தேயிலைச் சாக்கு அடைத்தால் எப்படி எடுப்பார்கள்?

ரோடு போடும்போது பழையதைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021 மே மாதத்திலேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். தடவைக்கு 5 செ.மீ. என்றாலும் நாலு தடவையில் ஒரு சாண். வாசல்படி பள்ளமாகிவிடும், வடிகாலின் வாய் மேலேறிவிடும்.

படிக்கட்டுச் சந்துகள் தனி விஷயம். நம் ஊர்களில் பாதிப் பேருக்குத் தெரு என்பதே படிக்கட்டுதான், ஆனால் எஸ்டிமேட்டில் அதற்குக் கடைசி இடம். பழைய கல்படி தேய்ந்துவிட்டது என்று மேலே 5 செ.மீ. சிமென்ட் போடுவார்கள். நடுப்படிகளின் உயரம் மாறாது. அடிப்படி மட்டும் 15 செ.மீ. இருந்தது 20 ஆகும், உச்சிப்படி 10 ஆகும். கால் பழகிய உயரத்தைத்தான் தேடும், கண் பார்ப்பதில்லை. பனிமூட்டத்தில் பாட்டிகள் விழுவது பெரும்பாலும் அந்த முதல் படியிலும் கடைசிப் படியிலும்தான். கல்லைப் பெயர்த்துத் திருப்பிப் பதியுங்கள், மேலே பூசாதீர்கள். புதுப்படி என்றால் உயரம் 15, அகலம் 30, ஒன்றுக்கொன்று வித்தியாசம் அரை செ.மீ.க்குள். டைல்ஸ் கூடவே கூடாது, முதல் மழையில் பாசி பிடிக்கும். பக்கவாட்டில் ஒரு வாய்க்கால், படி அதை நோக்கி லேசாகச் சாய வேண்டும். கைப்பிடி 85 முதல் 90 செ.மீ. உயரத்தில், கைக்குள் அடங்கும் பைப்பாக.

பன்னிரண்டு படிக்கு ஒரு சமதளம் விடுங்கள். அங்கே ஒரு திண்ணையும் ஒரு சுமைதாங்கியும் வையுங்கள். சிலிண்டர் தூக்குபவரும், கேரட் மூட்டை சுமப்பவரும், தண்ணீர்க் குடத்தோடு ஏறும் பெண்களும் தோளிலிருந்து இறக்காமலே சாய்த்து வைக்க இரண்டு கல்லும் குறுக்கே ஒரு கல்லும் போதும். நம் வழிநடைப் பாதைகளில் இருந்த ஏற்பாடுதான். பூங்கா கட்ட இடம் தேடும் பேரூராட்சிகள் முதலில் இதைச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

விளக்கு சமதளத்துக்கு ஒன்று, வெளிச்சம் கீழே மட்டும், மஞ்சள் சாயலில். கண்ணைக் கூசும் வெள்ளை விளக்குக்கு அப்பால் இருட்டில் காட்டுமாடு நின்றால் தெரியாது. சந்தின் இரு பக்கமும் வேலி போட்டு அடைக்காதீர்கள், மாடும் மனிதரும் விலக இடம் வேண்டும். முனையில் குப்பைத்தொட்டியும் வேண்டாம். கரடிக்கு அழைப்பு வைப்பதுதான் அது. வீடு வீடாக வாங்கிக்கொள்ள வண்டி வரட்டும்.

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண் விடுங்கள். டெல்லித் தெரு மரங்களுக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் சொன்ன அளவு அது, இங்கே மட்டும் குறையலாமா? வடிகாலுக்காக மணிக்கட்டுத் தடிமனான வேரை வெட்டினால் ஆடிக் காற்றில் மரம் வீட்டின் மேல் சாயும். சாயும் நிலையில் உள்ள கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தை எடுக்க வேண்டுமென்றால் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கி வெட்டுங்கள். அடிக்கட்டையைத் தோண்டாதீர்கள், மண்ணைப் பிடித்திருப்பது அந்த வேர்தான். கார் நிறுத்த "நாலடிதானே" என்று சரிவின் அடியைப் பொக்லைனால் வெட்டுவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. மேலே இருப்பதெல்லாம் அந்த நாலடியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஐப்பசிக்கு முன்னால் தெருக்காரர்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒதுக்குங்கள். துவாரங்களில் கம்பி விடுங்கள், அடைத்த பூச்சை உளியால் தட்டி எடுங்கள். சுவர் ஏற்கெனவே வயிறு தள்ளியிருந்தால் மட்டும் கை வைக்காமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள். வண்டல் தொட்டியை அள்ளுங்கள், அள்ளியதைப் பள்ளத்தில் கொட்டாதீர்கள். சுவரின் உச்சியிலிருந்து ஒரு நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மூன்று உயரங்களில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை அளந்தால், எவ்வளவு தள்ளுகிறது என்று கண்ணுக்குத் தெரியும் முன்பே நோட்டு சொல்லிவிடும்.

ஓடிக்கொண்டிருந்த துவாரம் மழையின் நடுவே திடீரென நின்றாலும், தெருவின் ஓரத்துக்கு இணையாகப் புது விரிசல் விழுந்தாலும், கரண்ட் கம்பம் சாய்ந்தாலும், கதவு திடீரென இறுகி மூட முடியாமல் போனாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேல் வீட்டையும் கீழ் வீட்டையும் எழுப்பி, குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு, சரிவுக்கு நேர் கீழே போகாமல் பக்கவாட்டில் விலகுங்கள். விலகிய பிறகு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குக் கூப்பிடுங்கள்.