வடைத்தாளும் தலைப் பிசுக்கும்

கண்புரை அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது அம்மாவிடம் பல கட்டுப்பாடுகளைச் சொன்னார்கள். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, குனியாமல் இருப்பது எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இரண்டு வாரம் தலைக்குக் குளிக்கக் கூடாது என்றபோது மட்டும் முகம் வாடிப்போனது. வாரம் இருமுறை சீயக்காய் தேய்த்தே பழகிய தலை அது. அதுவும் பங்குனி வெயில் வேறு. ஆறாம் நாள் காலை சீப்பை என் கையில் கொடுத்து, "தலை கனக்கிறதடி, ஏதாவது செய்" என்றார்.

வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன். தூசியோ மண்ணோ எதுவும் இல்லை. வகிடு வழக்கத்தைவிட அகன்று தெரிந்தது. முடி ஐந்தும் பத்துமாக ஒட்டிக்கொண்டு மெல்லிய கயிறுகளாகப் படுத்திருந்தது. எண்ணெய்த்தலை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஒட்டலைத்தான். இதை முதலில் புரிந்துகொண்டால், தண்ணீர் இல்லாமலே அதை எப்படிப் பிரிப்பது என்பதும் புரிந்துவிடும்.

ஒவ்வொரு முடியின் வேரை ஒட்டியும் ஒரு சிறு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதன் செல்கள் கொழுப்பைத் தமக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து உப்பி, கடைசியில் உடைந்து, தாமே எண்ணெயாகிவிடுகின்றன. அந்தக் கலவைக்குச் சீபம் என்று பெயர். பாதிக்கும் மேல் கொழுப்பும் கொழுப்பு அமிலங்களும். மிச்சத்தில் மெழுகு, ஸ்குவாலீன் என்னும் எண்ணெய்ப்பொருள், சிறிதளவு கொலஸ்டிரால். உடல் சூட்டில் இது இளகி வழியக்கூடியது. அடிக்கடி குளித்தால் சுரப்பி கூடுதலாகச் சுரக்கும், குளிக்காமல் விட்டால் அடங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தலையில் எவ்வளவு எண்ணெய் கிடக்கிறது என்று சுரப்பிக்குத் தெரியாது. அதை ஆட்டிவைப்பவை ஹார்மோன்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குச் சுரப்பு குறைந்துவிடுவதும் அதனால்தான். அம்மாவின் தலையில் இருந்ததில் பாதிக்குக் காரணம், தினமும் பின்னுவதற்கு முன் அவர் தொட்டுக்கொள்ளும் தேங்காய் எண்ணெய்.

ஓவியம் வரையும் தூரிகை ஒன்றை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும்வரை மயிர்கள் விரிந்து நிற்கும். வெளியே எடுத்ததும் ஒன்றாகக் கூடிக் கூர்மையாகிவிடும். இரண்டு இடத்திலும் ஈரம்தான். வெளியே வந்தபோது புதிதாகச் சேர்ந்தது, தண்ணீரும் காற்றும் சந்திக்கும் பரப்பு. அந்தப் பரப்பு இழுத்துக் கட்டிய ரப்பர் தோல் போலச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பில் மயிர்கள் சேர்ந்துகொள்கின்றன. தலையில் நடப்பதும் இதே. இரண்டு முடிகளுக்கு நடுவே எண்ணெய் ஒரு சிறு பாலம் கட்டுகிறது. ஒரு முடியின் தடிமன் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர்தான், அவ்வளவு மெல்லிய இழையை வளைத்து இழுக்கத் துளி எண்ணெய் போதும். அடியில் தொடங்கும் பாலம், சீப்பும் விரலும் தலையணையும் உரசிக் கீழே பரவுகிறது. நேர்முடியில் சீக்கிரம் இறங்கும்; சுருள்முடியில் மெதுவாக.

ஆக, நமக்கு வேண்டியது அந்த எண்ணெய்க்கு வேறு ஓர் இடம்.

டீக்கடையில் வடையைத் தாளில் வைத்து அழுத்துகிறோமே, அங்கே இருக்கிறது விடை. வடையின் துளைகள் பெரியவை. தாளின் இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகள் மிகச் சிறியவை. திரவம் தனக்கு ஒட்டக்கூடிய சந்துக்குள் தானாக ஏறும். சந்து எவ்வளவு குறுகலோ அவ்வளவு வலுவாக இழுக்கப்படும். அகலம் பாதியானால் இழுப்பு இரண்டு மடங்கு. அகலமான சந்தும் குறுகிய சந்தும் தொட்டுக்கொண்டால் எண்ணெய் அகலமானதை விட்டுக் குறுகியதற்குப் போகிறது. யாரும் உறிஞ்ச வேண்டியதில்லை. முடிக்கும் முடிக்கும் உள்ள இடைவெளியைவிடக் குறுகிய சந்துகள் நிறைந்த பொருள் எதுவானாலும், தலையைத் தொட்டால் எண்ணெயை வாங்கிக்கொள்ளும்.

கண்ணில் துகள் விழுந்துவிடக் கூடாது என்பதால் அம்மாவின் தலைக்கு மாவு, பவுடர் எதையும் நான் தொடவில்லை. பீரோவில் இருந்த அப்பாவின் பழைய பருத்தி வேட்டி ஒன்றைக் கிழித்தேன். பழையதாக இருப்பது முக்கியம். புதுத்துணியில் கஞ்சியும் மினுக்குப் பூச்சும் இழைச்சந்துகளை அடைத்துக்கொண்டிருக்கும். நூறு முறை துவைத்த துணியில் நூல்கள் பிசிறிட்டு, சந்துகள் திறந்து கிடக்கும். ஒரு துண்டை அகலப்பல் சீப்பின் மேல் போர்த்தி, பற்கள் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும்படி அழுத்தினேன். பின்தலையிலிருந்து தொடங்கி, வேரிலிருந்து நுனிவரை மெல்ல இழுத்தேன். நாலு இழுப்புக்கு ஒருமுறை துணியை நகர்த்தினேன். நிறைந்துபோன சந்து மேலும் வாங்காது. கால் மணி நேரத்தில் கயிறுகள் பிரிந்தன. துணியை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் வடைத்தாள் போலவே அங்கங்கே ஒளி ஊடுருவியது.

அந்த ஒளி ஊடுருவலுக்கும் ஒரு காரணம் உண்டு. துணி வெள்ளையாகத் தெரிவது, இழைக்கும் இடையிலுள்ள காற்றுக்கும் மாறி மாறி ஒளி தெறித்துச் சிதறுவதால். காற்றிருந்த இடத்தில் எண்ணெய் புகுந்தால், எண்ணெயும் இழையும் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் வளைப்பதால் சிதறல் குறைகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாவு விஷயத்தில் உதவும்.

விண்வெளியிலும் கடைசி வேலை துணிக்குத்தான். அங்கே தண்ணீர் ஊற்றி அலச முடியாது. 2013-இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து கேரன் நைபர்க் தன் நீளமான முடியைச் சுத்தம் செய்வதை வீடியோவில் காட்டினார். கொஞ்சம் வெந்நீர், அலசத் தேவையில்லாத ஷாம்பு, பிறகு துண்டு. நுரையும் எண்ணெயும் கடைசியில் துண்டுக்குத்தான் போகின்றன.

மாவு சோதனையை அன்று மாலை என் தலையிலேயே நடத்தினேன். நானும் மூன்று நாளாகக் குளிக்கவில்லை. வகிட்டுக்கு வலப்பக்கம் இடியாப்ப மாவு, இடப்பக்கம் கடையில் கார்ன்ஃப்ளவர் என்று விற்கும் சோள ஸ்டார்ச். வேர்ப்பகுதியில் மட்டும் விரலால் தொட்டு வைத்து, பத்து நிமிடம் சும்மா இருந்தேன். எண்ணெய் தண்ணீர் போல ஓடாது. சந்துக்குள் ஊர்ந்து ஏற நேரம் கொடுக்க வேண்டும். பிறகு வாரினேன். இடப்பக்கம் வேர்கள் நிமிர்ந்தன, முடி முடியாகப் பிரிந்தது. வலப்பக்கத்து மாவு பெரும்பாலும் தோளில் கொட்டியது.

எனக்கு இது வியப்பாக இருந்தது. தாவர மாவுச்சத்துகளில் அரிசியின் மணிகள் மிகச் சிறியவற்றில் சேரும், ஏறத்தாழ 3 முதல் 8 மைக்ரான். சோளத்தின் மணி சுமார் 15 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிறிய மணி, சிறிய சந்து. அரிசிதானே ஜெயித்திருக்க வேண்டும்? காரணம் அரைப்பில் இருக்கிறது. வீட்டு அரிசி மாவு என்பது அரிசியை அப்படியே உடைத்த துணுக்கு. அதற்குள் ஸ்டார்ச் மணிகள் புரதத்தில் ஒட்டிக் கட்டிகளாகவே இருக்கின்றன. சோள ஸ்டார்ச்சோ புரதம் நீக்கி மணி மணியாகப் பிரித்தது. கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். 5 மைக்ரான் உருண்டைகளாக இருந்தால் ஒரு கிராம் ஸ்டார்ச்சின் மொத்த மேற்பரப்பு சுமார் 0.8 சதுர மீட்டர். 50 மைக்ரான் துணுக்குகளாக இருந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு. தலையில் ஒரு லட்சம் முடி என்றால், அடி 5 சென்டிமீட்டரின் மேற்பரப்பு மட்டுமே ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் வருகிறது. அதோடு ஒரு சிட்டிகை மாவு போட்டி போட வேண்டுமானால் அது மிக நைசாக இருந்தாக வேண்டும்.

சித்த மருந்து செய்பவர்கள் சூரணத்தைத் துணியில் சலிப்பதை வஸ்திரகாயம் என்பார்கள். அதே இடியாப்ப மாவை மறுநாள் வேட்டித் துணியில் வஸ்திரகாயம் செய்து போட்டேன். தூளாக இறங்கியது மிகக் கொஞ்சம்; ஆனால் அது தலையில் நின்றது, வேலையும் செய்தது. கூவைக்கிழங்கு மாவும், சேலம் பக்கத்து ஆலைகளில் மரவள்ளியிலிருந்து எடுக்கும் ஸ்டார்ச்சும் சலிக்காமலே போடத் தகுந்தவை. சீயக்காய்த் தூளையும் அரப்பையும் உலர்வாகப் போட வேண்டாம். அவற்றின் நுரைக்கும் சத்து தண்ணீர் பட்டால்தான் விழிக்கும். உலர்வாக இருக்கையில் தும்மலும் கண்ணெரிச்சலும்தான் மிச்சம்.

கறுத்த முடியில் வெள்ளை தெரிகிறதே என்று கவலைப்படுபவர்கள் அந்த ஜன்னல் வெளிச்சத்துத் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் குடித்த மணி வெளுப்பை இழந்து மறைந்துவிடும். பத்து நிமிடம் கழித்தும் வெள்ளையாக நிற்பது, குடிக்க எண்ணெய் கிடைக்காத மாவு. அதாவது நீங்கள் அதிகம் போட்டது. அதை வாரி எறிந்துவிடலாம். வியர்வை ஈரத்தோடு மட்டும் போடாதீர்கள். தண்ணீர் முந்திக்கொண்டு சந்துகளை அடைத்துவிடும், மாவும் திரண்டு உருண்டையாகும். மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து வேர் காய்ந்த பிறகு தொடங்குங்கள்.

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் பெரிய மனிதர்கள் தலையில் பூசிய வெள்ளைப் பொடியும் பெரும்பாலும் ஸ்டார்ச்தான். அவர்கள் முதலில் கொழுப்பைத் தடவி, பொடி ஒட்டுவதற்கென்றே பிசுக்கை உண்டாக்கிக்கொண்டார்கள். 1795-இல் பிரிட்டனில் இதற்கு ஆண்டுக்கு ஒரு கினி (அந்நாளைய தங்க நாணயம்) வரி போட்டார்கள். தானியத் தட்டுப்பாட்டுக் காலம் அது. ரொட்டிக்குப் போக வேண்டியது தலைக்குப் போனது. அந்த வழக்கம் அதன் பிறகு வேகமாகத் தேய்ந்தது.

இன்று கடையில் விற்கும் உலர் ஷாம்பு ஸ்ப்ரேக்களிலும் பெரும்பாலும் ஸ்டார்ச்தான். அதை வெளியே தள்ள பியூட்டேன், புரொப்பேன் போன்ற வாயுக்களைச் சேர்க்கிறார்கள். 2022-இல் அமெரிக்காவில் சில வகை ஸ்ப்ரேக்களில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் கலந்திருக்கக்கூடும் என்று திரும்பப் பெற்றார்கள். இந்த வாயுக்கள் தீப்பற்றக்கூடியவை. அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் அடிக்கவே கூடாது. முகப்பவுடரைத் தலையில் கொட்டுபவர்களுக்கும் ஒன்று: 2024-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பவுடர்களில் சேர்க்கும் டால்க் என்னும் கனிமத் தூளை அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. டப்பாவில் டால்க் என்றிருந்தால் நான் அதைத் தலைக்கு எடுக்க மாட்டேன். சமையலறையில் ஸ்டார்ச் இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை.

மாவும் துணியும் எண்ணெயை மட்டுமே எடுக்கின்றன. வியர்வை உப்பு, உதிர்ந்த தோல், அந்த எண்ணெயைத் தின்று பொடுகைத் தூண்டும் மலசீசியா என்னும் பூஞ்சை எல்லாம் அங்கேயேதான் இருக்கும். நாற்றத்துக்கு நுண்ணுயிர்கள்தான் காரணம் என்பதால் ஈரத்துணியைப் பிழிந்து வகிடு வகிடாகத் துடைப்பது ஓரளவு உதவும். சாம்பிராணி புகை மணம் தரும், ஈரத்தைக் கொஞ்சம் உலர்த்தும், எண்ணெயைத் தொடாது. அரிப்போ புண்ணோ இருந்தால் மாவு போடாமல் மருத்துவரைப் பாருங்கள். மாவு போட்டவர்களும் இரண்டு மூன்று நாளுக்குள் தலைக்குக் குளித்துவிட வேண்டும்.

சீப்பையும் தலையணை உறையையும் மாற்றாமல் இதையெல்லாம் செய்வது வீண். உறை இரவு முழுக்க எண்ணெயை வாங்குகிறது. நிறைந்த பிறகு திருப்பிப் பூசுகிறது. அம்மாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் உறை மாற்றினேன். சீப்பைச் சோப்பு நீரில் ஊறவைத்தேன். தேங்காய் எண்ணெய்ப் புட்டியை அவர் கைக்கெட்டாத அலமாரியில் வைத்ததற்கு முதல் இரண்டு நாள் கோபித்துக்கொண்டார்.

பதினைந்தாம் நாள் மருத்துவர் சரி என்றார். வெந்நீர் விளாவி, சீயக்காய் கரைத்து, அண்ணாந்தபடி உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றினேன். ஒருமுறை தேய்த்ததுமே நுரை வந்தது. "இவ்வளவுதான் அழுக்கா?" என்று அம்மா கேட்டார். மீதி எல்லாம் பக்கத்து வாளியில் ஊறிக்கொண்டிருந்த வேட்டித் துண்டுகளில் இருந்தது.