பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம்: யார் எதை ஏற்கிறார்கள்?

வைஃபை ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒட்டிய சீட்டில் பொடி எழுத்தில் சில குறிகள் தெரியும். எஃப்.சி.சி. (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) என்று தொடங்கும் எண் இருந்தால் அது அமெரிக்காவுக்கு. சி.இ. என்ற இரண்டெழுத்து ஐரோப்பாவுக்கு. ஜப்பானுக்குத் தனிக் குறி. ரேடியோ அலை வெளியிடும் கருவி ஒரு நாட்டுச் சந்தைக்குள் நுழைய வேண்டுமானால் அந்த நாட்டு விதிக்கு அது பொருந்துகிறது என்று காட்டியாக வேண்டும். பல நாடுகளில் விற்கிறவர் ஒவ்வொரு நாட்டு ஆய்வகத்துக்கும் பெட்டியை அனுப்பிக்கொண்டிருந்தால், கடைசி நாட்டில் அனுமதி கிடைப்பதற்குள் அந்த மாடலே பழசாகிவிடும்.

இந்தச் சிக்கலுக்காக நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்வதுதான் மியூச்சுவல் ரெகக்னிஷன் அக்ரிமென்ட், சுருக்கமாக எம்.ஆர்.ஏ. தமிழில் 'பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம்' என்று எழுதுகிறோம். இந்தச் சொற்றொடரைப் படிக்கும் பலர், 'ஒரு நாட்டில் சான்று வாங்கினால் போதும், மற்ற நாடும் அப்படியே ஒத்துக்கொள்ளும்' என்று புரிந்துகொள்கிறார்கள். தொலைத்தொடர்புக் கருவிகளில் அப்படி இல்லை. ஏற்கப்படுவது இன்னொரு நாட்டின் விதி அல்ல, அங்கே இருக்கும் சோதனையாளரின் வேலை.

ரவுட்டரையே எடுத்துக்கொள்ளலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஐரோப்பா, ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 100 மில்லிவாட்டுக்கு மேல் விடாது. அமெரிக்காவில் ஆன்டெனாவுக்குள் செலுத்தும் திறனே 1 வாட் வரை போகலாம். அமெரிக்க அளவில் தேறிய ரவுட்டர் ஐரோப்பிய அளவில் தோற்றுப்போகலாம். எந்த உடன்பாடும் இந்த வித்தியாசத்தை அழிப்பதில்லை. சிங்கப்பூரில் இருக்கும் ஓர் ஆய்வகம் அமெரிக்க விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிங்கப்பூரிலேயே சோதிக்கும், அந்த அறிக்கையை அமெரிக்கா தன் மண்ணில் எடுத்த அறிக்கையைப் போலவே மதிக்கும். நடப்பது இதுதான்.

அந்த அறிக்கை எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் நம்பிக்கை ஏன் தேவை என்பது அங்கேதான் விளங்கும். எதிரொலிப்பு இல்லாத அறை ஒன்று. சுவரிலும் கூரையிலும் கூம்பு கூம்பாக நுரைப்பஞ்சு. அதன் மேல் படும் அலை திரும்பி வராது. நடுவில் சுழலும் மேடை, அதன் மேல் மேசை, மேசையில் ரவுட்டர். 3 மீட்டரோ 10 மீட்டரோ தள்ளி ஒரு கம்பம். அதில் ஆன்டெனா 1 மீட்டர் உயரத்திலிருந்து 4 மீட்டர் வரை ஏறி இறங்கும், மேடை 360 பாகையும் சுற்றும். எந்தக் கோணத்தில், எந்த உயரத்தில் உமிழ்வு உச்சத்தைத் தொடுகிறதோ அந்த எண்தான் அறிக்கையில் ஏறும். கேபிளில் வீணாகும் திறனைத் தப்பாகக் கணக்கிட்டு 3 டெசிபல் பிசகினால், உண்மையான திறன் அறிக்கையில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. தோற்க வேண்டிய கருவி தேறிவிடும். அறிக்கையை வாங்கும் நாடு அந்த அறைக்குள் இருந்ததில்லை. அதனால்தான் ஆய்வகத்துக்கு ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025, சான்றளிக்கும் அமைப்புக்கு 17065 என்று உலகப் பொதுத் தரங்கள் வைத்திருக்கிறார்கள்.

இங்கே மூன்று படிகள் உண்டு. ஆய்வகத்துக்குத் திறமை இருக்கிறதா என்று ஒரு தர அமைப்பு சோதித்துச் சொல்வது முதல் படி. உங்கள் விதிப்படி சோதிக்க இந்த ஆய்வகத்தை முன்னிறுத்துகிறோம் என்று ஆய்வகம் இருக்கும் நாடு நியமிப்பது அடுத்தது. சிங்கப்பூரில் தகவல்தொடர்புத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான ஐ.எம்.டி.ஏ. இந்த வேலையைச் செய்கிறது. அப்புறம், சரி, ஏற்றுக்கொள்கிறோம் என்று எதிர் நாடு சொல்வது. எம்.ஆர்.ஏ.யில் வரும் 'ரெகக்னிஷன்' இந்த மூன்றாவது படி மட்டும்.

தமிழில் எனக்கு இருக்கும் குறை இங்கேதான். 'அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்' என்று முதல் படிக்கும் அங்கீகாரம் போடுகிறோம். நியமனத்துக்கும் அதே சொல். எதிர் நாடு ஏற்பதற்கும் அதே சொல். கடைசியில் கருவிக்குக் கிடைக்கும் அனுமதிக்கும் 'அங்கீகாரம்' என்றே எழுதிவிடுகிறோம். படிப்பவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்?

சொல்லின் வேரைப் பார்த்தாலும் பொருத்தம் குறைவு. அங்கீகாரம் வடமொழிச் சொல். அங்கம் என்றால் உறுப்பு, அங்கீகரித்தல் என்றால் உறுப்பாக்கிக்கொள்வது, தனதாக்கிக்கொள்வது. 'ரெகக்னிஷன்' லத்தீன் வழி வந்தது, 'மறுபடி அறிதல்' என்பது அதன் அடிப்பொருள். 'மியூச்சுவல்' என்பதன் லத்தீன் வேரில் இருப்பது மாற்றிக்கொள்ளுதல்.

உண்மையில் தனதாக்கிக்கொள்ளும் வகை ஒன்றும் இருக்கிறது. பிரான்ஸின் காசிஸ் தெ திஜோன் என்ற பழ மதுவில் ஆல்கஹால் 15 முதல் 20 சதவீதம். ஜெர்மனியில் அத்தகைய மதுவுக்குக் குறைந்தது 25 சதவீதம் வேண்டும் என்று சட்டம். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. ஓர் உறுப்பு நாட்டில் சட்டப்படி தயாரித்து விற்கும் பொருளை, தக்க காரணம் இல்லாமல் இன்னொரு நாடு தடுக்க முடியாது என்று 1979இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை ஒட்டி வளர்ந்த கொள்கைக்கு ஐரோப்பாவில் மியூச்சுவல் ரெகக்னிஷன் என்றுதான் பெயர். அங்கே பிரெஞ்சு விதியையே ஜெர்மனி ஏற்கிறது. தொலைத்தொடர்பு உடன்பாடுகளில் அது கிடையாது. ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்கள் நடப்பதால்தான் குழப்பமே வருகிறது என்று நினைக்கிறேன்.

தொலைத்தொடர்பில் இது வேகமெடுத்தது 1998இல். அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் கையெழுத்திட்டன, டிசம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஜூனில் சிங்கப்பூரில் கூடிய ஏபெக் (ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டமைப்பு) அமைச்சர்கள் தங்கள் வட்டாரத்துக்கு ஒன்றை ஏற்றார்கள். அதில் இரண்டு கட்டங்கள்: முதல் கட்டத்தில் சோதனை அறிக்கை மட்டும், இரண்டாம் கட்டத்தில் சான்றும். விருப்பமுள்ளவர்கள் சேரலாம், ஒரு கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வெவ்வேறு நாட்டு விதிகளையே சமமாக ஏற்பதற்குத் தனியாக இன்னொன்றை 2010இல்தான் கொண்டுவந்தார்கள். விதியை ஏற்பதும் சோதனையை ஏற்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இந்தியா ஏபெக் உறுப்பினர் இல்லை. இங்கே தொலைத்தொடர்புப் பொறியியல் மையம், 2017ஆம் ஆண்டு விதித் திருத்தம் கொண்டுவந்த கட்டாயச் சோதனை, சான்று முறையை நடத்துகிறது. ஸ்ரீபெரும்புதூரில் கைபேசிகள் தயாராகி ஏற்றுமதியாகின்றன, சென்னைத் தரமணியில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சமீரின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. ஆகவே இந்தச் சொற்கள் நமக்குத் தூரத்து விஷயம் இல்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? 'இருதரப்பு அங்கீகாரம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. ஏபெக் ஏற்பாட்டில் பல நாடுகள் இருக்கின்றன, தரப்பு இரண்டோடு நிற்பதில்லை. 'ஒப்பந்தம்' தவறில்லை, ஆனால் ஒப்பந்தக்காரர், ஒப்பந்தத் தொழிலாளர் என்று கூலியும் குத்தகையும் அதில் ஒட்டிக்கொண்டுவிட்டன. நாடுகளுக்கு நடுவே 'உடன்பாடு' நன்றாக இருக்கும்.

ரெகக்னிஷனுக்கு 'ஏற்பு' என்பதே என் தேர்வு. பதவியேற்பு, பொறுப்பேற்பு என்று அந்தச் சொல்லிலேயே பொறுப்பும் வந்து சேர்கிறது. வேறொருவர் எடுத்த அளவை நம்பித் தன் சந்தையைத் திறக்கும் நாடு செய்வதும் அதுதான். ஏற்றதை விலக்கவும் முடியும்: எதிரி நாடுகள் என்று அமெரிக்கா வகைப்படுத்திய அரசுகளின் கட்டுப்பாட்டில் உள்ள ஆய்வகங்களுக்கு ஏற்பு கிடையாது என்று எஃப்.சி.சி. 2025 மே மாதம் முடிவெடுத்தது.

ஆகவே பொதுப்பெயராக 'பரஸ்பர ஏற்பு உடன்பாடு' என்று வைக்கலாம். வடமொழி வேண்டாம் என்பவர்கள் 'ஒருவர்க்கொருவர் ஏற்பு உடன்பாடு' என்று எழுதலாம், கொஞ்சம் நீளம்தான். எதை ஏற்கிறோம் என்பதும் பெயரிலேயே தெரிய வேண்டும் என்றால் முதல் கட்டத்துக்குச் 'சோதனை ஏற்பு', இரண்டாம் கட்டத்துக்குச் 'சான்று ஏற்பு', விதியையே ஏற்பதற்கு 'விதி ஏற்பு'. முதல் படிக்குத் 'தகுதிச் சான்று', இரண்டாவதற்கு 'நியமனம்', கருவிக்குக் கிடைப்பதற்கு 'அனுமதி' என்று பிரித்துவிட்டால் அங்கீகாரத்தின் சுமையும் குறையும். ஏபெக் தன்னுடையதை அக்ரிமென்ட் என்று சொல்வதில்லை, அரேஞ்ச்மென்ட் என்கிறது, ஏனென்றால் அங்கே எதுவும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. 'ஏற்பு ஏற்பாடு' என்றால் நாக்கு இடறும். அதற்கு 'ஏற்பு இசைவு' என்று எழுதலாம்: 'சிங்கப்பூர் ஆய்வகம் ஏபெக் ஏற்பு இசைவின்படி நியமனம் பெற்றது, அதன் சோதனை அறிக்கையை அமெரிக்கா ஏற்கிறது.'