ஒரே கிணறு

காருக்கு அடியில் குனிந்து பார்த்தால், பெட்ரோல் தொட்டியிலிருந்து எஞ்சினை நோக்கிப் போகும் மெல்லிய குழாய்கள் தெரியும். பல கார்களில் அவை நைலான்-12 என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. நைலானில் எத்தனையோ வகை இருக்க, இது ஏன்? நைலான் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. அதில் அங்கங்கே உள்ள அமைடு என்ற இணைப்பு முடிச்சுகள்தாம் தண்ணீரை இழுத்துக்கொள்கின்றன. நைலான்-6இல் அவை நெருக்கம். நீரில் ஊறினால் எடையில் சுமார் 9 விழுக்காடு வரை உறிஞ்சி உப்பிவிடும். நைலான்-12இல் முடிச்சுகளின் இடைவெளி ஏறத்தாழ இரு மடங்கு. உறிஞ்சுவது ஒன்றரை விழுக்காடுதான். பெட்ரோலுக்கும் அசையாது.

பெயரில் உள்ள 12, நைலான்-12 சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள கார்பன் அணுக்களின் எண்ணிக்கை. அந்த 12 கார்பன்கள் ஒரு வளையத்திலிருந்து வருகின்றன. நான்கு கார்பன்கள் கொண்ட பியூட்டாடையீன் மூலக்கூறுகள் மூன்றைக் கோத்து வளைத்தால் சைக்ளோடோடெக்காட்ரையீன் கிடைக்கும், சுருக்கமாக, சிடிடி. 2012 மார்ச் 31 அன்று, ஜெர்மனியின் மார்ல் நகரில் எவோனிக் நிறுவனத்தின் சிடிடி ஆலை வெடித்துத் தீப்பற்றியது. தொழிலாளர்கள் இருவர் மாண்டார்கள். உதிரிபாகத் தட்டுப்பாட்டுக் கவலையெல்லாம் அந்த உயிரிழப்புக்கு அடுத்தபடிதான்.

ஏப்ரல் 17 அன்று, அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே கார்த் தொழிலைச் சேர்ந்த சுமார் 200 பேர், நைலான்-12 கிடைக்காமல் போகுமே என்று அவசரமாகக் கூடினார்கள். கார் நிறுவனங்கள் சிடிடி வாங்குவதில்லை, குழாய்தான் வாங்குகின்றன. குழாய்க்கு இரண்டு மூன்று பேரை வைத்திருந்தால் ஒருவர் கைவிட்டாலும் மற்றவர் தருவார் என்பது அவர்களின் தெம்பு. ஊரில் நான்கு தண்ணீர் லாரிக்காரர்கள் இருந்தும், நால்வரும் ஒரே கிணற்றில் இறைத்தால் என்ன ஆகும்? குழாய் செய்வோர் பலர், நைலான்-12 செய்வோர் சிலர், சிடிடி செய்வோர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். விற்பவர் தன் மூலப்பொருளை யாரிடம் வாங்குகிறார் என்று கேட்காமல் விட்டதைப் பெரும் அலட்சியம் என்றே சொல்வேன். விற்பவர்களும் அதைத் தொழில் ரகசியம் என்று மூடிவைப்பதுண்டு.

மாற்றுப் பொருள் இல்லாமல் இல்லை. ஆமணக்கெண்ணெயிலிருந்து நைலான்-11 செய்கிறார்கள். அதுவும் குழாய்க்கு ஏற்றதே. ஆனால் பெட்ரோல் கசிந்தால் உயிர் போகும். அதனால் புதிய குழாய் ஒவ்வொன்றும் வெப்பம், அதிர்வு, உப்பு நீர் என வரிசையாகச் சோதனைகளைத் தாண்ட வேண்டும். வழக்கமாக இதற்குப் பல மாதங்கள் ஆகும். நிறுவனத்துக்கு நிறுவனம் தனித்தனியாகச் செய்துவந்த இந்தச் சோதனைகளை எப்படிச் சேர்ந்து விரைவாக முடிப்பது என்பதே கூட்டத்தில் முக்கியப் பேச்சு. கிடங்குகளிலும் வழியிலும் இருந்த சரக்கு அதற்கு அவகாசம் கொடுத்தது. மார்ல் ஆலை மீண்டும் ஓடுவதற்கு அந்த ஆண்டின் இறுதி ஆனது.