பூனைக்குப் பல்வலி: கையைக் கடிக்காமல் சிகிச்சை செய்ய முடியுமா?

"சாப்பாட்டுக்கு ஓடி வருது டாக்டர். மோந்து பார்க்குது, அப்புறம் திரும்பிப் போயிடுது. மீனை மாத்திப் பார்த்தோம், கோழி வேக வெச்சுக் கொடுத்தோம். இதுக்குத் திமிரு."

பூனையின் வாய் நோயைப் பற்றிய பேச்சு என் மேசையில் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு ரத்தச் சிவப்பாக இருக்கும். தொடுவதற்கு முன்பே பூனை சீறும். அதற்குப் பசி இருக்கிறது, மெல்லத்தான் முடியவில்லை.

வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. வலியை மறைப்பதில் பூனையை மிஞ்ச ஆள் இல்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லும், மெல்லும்போதே உணவு வாயிலிருந்து விழும், சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது திடீரென்று சீறிவிட்டு ஓடும், கொட்டாவி விடும்போது கத்தும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடுவதால் முடி சடை பிடிக்கும். இவ்வளவும் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வருவதால் கண்ணில் படுவதில்லை. வாய் நாற்றத்தையும் 'பூனைன்னா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். ஆரோக்கியமான பூனையின் வாய் அப்படி நாறாது.

சரி, நோய் தெரிந்துவிட்டது. அடுத்து வருவது செலவு. இங்கேதான் பலரும் தயங்கி, "இப்போதைக்கு ஒரு ஊசி போட்டு அனுப்புங்க" என்கிறார்கள். இன்று நான் எழுத வந்தது அந்த ஊசியைப் பற்றித்தான்.

அது பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்ததாக இருக்கும். போட்ட மறுநாளே பூனை சாப்பிடும், வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூன்று நான்கு வாரத்தில் வலி திரும்பும். மறுபடி ஊசி. இடைவெளி குறைந்துகொண்டே வரும், ஒரு கட்டத்தில் ஊசி வேலை செய்வதையே நிறுத்திவிடும். அதற்குள், நீண்ட நாள் உடலில் தங்கும் ஸ்டீராய்டை அடிக்கடி போட்டதால் சில பூனைகளுக்குச் சர்க்கரை நோய் வந்திருக்கும். பிறகு தினமும் இரண்டு வேளை இன்சுலின். ஓராண்டுக்கு ஊசிக்கும், ஆட்டோவுக்கும், தொட்டுக்கூடப் பார்க்காத விலை உயர்ந்த உணவுக்கும் செலவழித்ததைக் கூட்டிப் பார்த்தால், முதலிலேயே பல்லை எடுத்திருக்கலாம் என்ற கணக்குதான் வரும். மயக்க மருந்து கொடுக்கும் அளவுக்குப் பூனையின் உடல் தேறும்வரை மருந்தால் சமாளிப்பது வேறு விஷயம். அதற்கு ஒரு முடிவு தேதி இருக்கும்.

வளர்ந்த பூனைக்கு 30 பற்கள். ஆறு மாத வயதுக்குள் பால் பற்கள் விழுந்து இவை முளைத்துவிடும். இவற்றுக்கு வரும் தொல்லைகளில் செலவைத் தீர்மானிப்பவை மூன்று.

முதலாவது, பல் காரை படிந்து ஈறு கெடுவது. ஆரம்பத்திலேயே பிடித்தால், மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்வதோடு முடிந்துவிடும். மூன்றில் குறைந்த செலவு இதற்குத்தான். மயக்க மருந்தே இல்லாமல் பல்லைச் சுரண்டித் தருகிறோம் என்று சொல்லும் இடங்களுக்குப் போக வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் காரை போய்ப் பல் பளிச்சென்று ஆகும், ஆனால் நோய் இருப்பது ஈறுக்கு அடியில். குறைந்த விலையில் கிடைத்தாலும் அது வீண் செலவு.

இரண்டாவது, பல் கரைதல். பூனைகளுக்கு மிகச் சாதாரணமாக வருவது, நம் ஊரில் அதிகம் பேசப்படாதது. உடலே தன் பல்லை அரித்துத் தின்னும். வெளியே பார்த்தால் பல்லின் அடியில் ஈறு சற்று ஏறி வந்து ஒரு சிவப்புப் புள்ளி போலத் தெரியும், அவ்வளவுதான். அந்த இடத்தைக் கருவியால் தொட்டால் மயக்கத்தில் இருக்கும் பூனைக்குக்கூடத் தாடை துடிக்கும். மனிதப் பல்லைப் போல இதை அடைக்க முடியாது, எடுக்கத்தான் வேண்டும். சில பற்களில் வேர் எலும்போடு எலும்பாக மாறிவிட்டிருக்கும், அங்கே மேல்பகுதியை மட்டும் வெட்டி ஈறைத் தைத்தால் போதும். சிலவற்றில் வேரை முழுக்க எடுக்க வேண்டும். எது எது என்பதைப் பல் எக்ஸ்ரே மட்டுமே சொல்லும்.

மூன்றாவதுதான் மருத்துவரையும் வீட்டுக்காரரையும் ஒருசேரப் படுத்துவது. ஈறு, கன்னத்தின் உட்புறம், தொண்டையின் இரு ஓரம் எல்லாம் வெந்து புண்ணாகிவிடும் வாய் அழற்சி. பல்லின் மேல் படியும் கிருமிப் படலத்துக்கு எதிராக உடலின் எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிப் பொங்குகிறது என்று சுருக்கமாகச் சொல்லலாம். பூனைகளுக்குச் சளியும் வாய்ப்புண்ணும் வரவைக்கும் கேலிசி வைரஸுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பல பூனைகள் சேர்ந்து வாழும் வீடுகளில் அதிகம் பார்க்கிறேன். பல் இருக்கும் வரை படலமும் இருக்கும் என்பதால், பற்களை எடுப்பதுதான் இன்றைக்கு முதன்மையான சிகிச்சை. சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பூனைகளுக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது, அதில் ஒரு பகுதி முழுமையாகவே குணமாகிறது. மற்றவற்றுக்கு அறுவைக்குப் பிறகும் மருந்து தேவைப்படும். இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். குணம் மறுநாளே தெரிந்துவிடாது, வாரங்கள் ஆகலாம், சில பூனைகளுக்கு மாதங்களும் ஆகும்.

"எல்லாப் பல்லையும் எடுத்துட்டா எப்படிச் சாப்பிடும்?" என்று கேட்காதவர்கள் குறைவு. நன்றாகவே சாப்பிடும். பூனை ஆடு மாடு போல அரைத்துத் தின்னும் விலங்கு அல்ல. அதன் பல் இரையைப் பிடிக்கவும் கிழிக்கவும்தான். கிண்ணத்தில் சோறும் மீனும் வைக்கும் வீட்டில் அந்த வேலைக்கு அவசியமே இல்லை. பல்லில்லாத பூனைகள் உலர் உணவைக்கூட அப்படியே விழுங்குவதைப் பார்க்கலாம்.

இனி பில்லுக்கு வருவோம். தொகை ஊருக்கு ஊர், மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும், அதனால் எண் எழுதப் போவதில்லை. ஆனால் அந்தத் தொகை எதெதனால் ஆனது என்று தெரிந்தால் பேசுவது எளிது. ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்தும் அதைக் கண்காணிப்பதும், எக்ஸ்ரே, பல் எடுக்கும் நேரம், வலி மருந்து, பிறகு ஒன்றிரண்டு முறை மறுபரிசோதனை. இதில் பெரிய பங்கு நேரத்துக்குத்தான். பூனையின் கடைவாய்ப் பல்லை இடுக்கியால் பிடித்து இழுத்தால் வராது, வேர் உடையும். ஈறைக் கீறி, எலும்பைச் சிறிது அகற்றி, பல்லை இரண்டாக அறுத்து, ஒவ்வொரு வேராக எடுத்து, தையல் போட வேண்டும். வாய் முழுவதும் என்றால் சில மணி நேரம் ஆகிவிடும்.

கையில் இருக்கும் தொகையை முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு இதில் பெரிய கூச்சம். தலையாட்டிவிட்டுப் போவார்கள், திரும்பி வரமாட்டார்கள், பூனை வீட்டில் பட்டினி கிடக்கும். "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் எதை முதலில் செய்யலாம்?" என்று கேட்டால் சிகிச்சைத் திட்டத்தையே வேறு மாதிரி அமைக்கலாம். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது மருத்துவருக்குத் தெரியும். வாய் அழற்சியில், கோரைப் பற்களைச் சுற்றியும் முன்பற்களைச் சுற்றியும் புண் இல்லையென்றால் அவற்றை விட்டுவிட்டுப் பின்புறப் பற்களை மட்டும் எடுப்பது ஏற்கப்பட்ட முறைதான். பாதி நேரம், குறைந்த செலவு. எல்லாம் எடுக்க வேண்டியிருந்தால் இரண்டு தவணையாகவும் செய்யலாம். ஆனால் மயக்க மருந்துச் செலவு இரண்டு முறை வரும், மொத்தத்தில் கூடத்தான் ஆகும். ஒரே மாதத்தில் தலையில் விழாது என்பதுதான் லாபம்.

நான் விட்டுக்கொடுக்கச் சொல்லாதவை வலி மருந்தும் எக்ஸ்ரேயும். பல் எக்ஸ்ரே கருவி எல்லா இடத்திலும் இல்லை, நகரங்களிலேயே சில மருத்துவமனைகளில்தான் இருக்கிறது. ஆனால் வாய் அழற்சியில் உடைந்த வேர்த்துண்டு உள்ளே தங்கிவிட்டால் புண் ஆறாது, செய்த செலவு மொத்தமும் போச்சு. குறைந்த விலையில் எக்ஸ்ரே இல்லாமல் செய்து, மறுபடி திறந்து வேரைத் தேடுவதைவிட, சற்றுத் தள்ளி இருந்தாலும் எக்ஸ்ரே உள்ள இடத்தில் ஒரே முறை செய்வது மலிவு.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி இருக்கிறது. 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. தனியாரை ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு, கூட்டம் மிக அதிகம். காத்திருக்கும் இடத்தில் நாய்களும் இருக்கும், அதனால் கூண்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. போவதற்கு முன் பூனைப் பல் அறுவை செய்கிறார்களா, எந்த நாளில் என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். பூனைக்குக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் விலக்குப் பட்டியலைப் படியுங்கள், பல் சிகிச்சை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

"இதுக்கு ஏற்கெனவே கிட்னி பிரச்சினை, மயக்க மருந்து தாங்குமா?" வயதான பூனைகளுக்குச் சிறுநீரக நோய் மிகச் சாதாரணம், எனவே நியாயமான கேள்வி. ரத்தப் பரிசோதனை தேவைப்படுவது இதற்காகத்தான், அதை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தால், முன்னும் பின்னும் நரம்பில் திரவம் ஏற்றி, ரத்த அழுத்தத்தைக் கவனித்து, தாடை நரம்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு, மயக்க மருந்தின் அளவைக் குறைத்துச் செய்ய முடியும். வாய் வலியால் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடப்பதும் அந்தச் சிறுநீரகத்துக்குக் கேடுதானே. நோய் முற்றிய நிலையில் அறுவை வேண்டாம் என்ற முடிவுக்கும் சில நேரம் வருவோம். அப்போது வலி மருந்தும் மென்மையான உணவும்தான் சிகிச்சை.

பணம் கட்டும் முன், இது உண்மையிலேயே பல் நோய்தானா என்பதும் உறுதியாக வேண்டும். நேற்றுவரை நன்றாக இருந்த பூனை இன்று வாயைப் பிறாண்டினால் அண்ணத்தில் மீன் முள் குறுக்காக மாட்டியிருக்கலாம், நிமிட வேலையில் முடிந்துவிடும். நாக்கின் அடியில் நூல் சுற்றியிருந்தால், பூக்கட்டும் நூலோ தையல் நூலோ, இழுக்காதீர்கள். மறுமுனை குடலில் இருக்கலாம், இழுத்தால் குடலை அறுத்துவிடும். வயதான பூனைக்கு ஒரு பக்கத் தாடை மட்டும் வீங்கி, அங்கே பல் ஆடினால் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். தடுப்பூசி போடாத பூனை எச்சில் வடித்து, குணம் மாறி, வாயை மூட முடியாமல் இருந்தால் வாயில் கையே வைக்காதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். அது கடித்தாலோ கீறினாலோ, உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பணம் புரட்டும் வரை வீட்டில் சமாளிக்கிறோம் என்று செய்பவற்றில் சில உயிரையே எடுத்துவிடும். பாராசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும், அதை உடைத்து வெளியேற்றும் வழி அதன் கல்லீரலில் போதிய அளவு இல்லை. நமக்குப் பல்வலி வந்தால் வைக்கும் கிராம்புத் தைலமும் பூனைக்கு விஷம். டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் கூடவே கூடாது. மெலாக்சிகாம் என்ற வலி மருந்து பூனைக்கும் கொடுப்பதுதானே என்று இணையத்தில் படித்துவிட்டு மருந்துக் கடையில் வாங்குகிறார்கள். மனிதர் மாத்திரை 7.5 அல்லது 15 மில்லிகிராம், நான்கு கிலோ பூனைக்கு நாங்கள் தரும் அளவு ஒரு நாளைக்கு அரை மில்லிகிராமுக்கும் கீழே. உடைத்துக் கொடுக்கக்கூடிய கணக்கு அல்ல அது.

வீட்டில் செய்யக்கூடியது, முள் நீக்கிய மீனையோ கோழியையோ மிக்ஸியில் கூழாக அடித்து, உப்பும் மசாலாவும் இல்லாமல், வெதுவெதுப்பாகக் கொடுப்பது. சூடு பட்டால் வாசனை எழும், பூனை முகர்ந்துதான் சாப்பிடும். இரண்டு நாள் எதுவுமே சாப்பிடாவிட்டால் காத்திருக்காதீர்கள். குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி, அது தனி நோயாகிவிடும். அதற்கு ஆகும் செலவு பல் அறுவையையே மிஞ்சும்.

வீட்டில் இன்னொரு இளம் பூனை இருந்தால் அதற்கு இன்றே பல் துலக்கப் பழக்கலாம். பூனைக்கான பற்பசை, விரலில் மாட்டும் பிரஷ், முதல் வாரம் பசையை நக்கக் கொடுப்பது மட்டும். ஏற்கெனவே வலியில் இருக்கும் பூனையிடம் இதை முயன்றால் கடிதான் கிடைக்கும்.

தெருப்பூனைகளுக்குச் சோறு வைப்பவர்களும் வருகிறார்கள். வாய்ப்புண் உள்ள தெருப்பூனைக்குத் தினமும் இரண்டு வேளை மருந்து கொடுப்பது நடக்காத காரியம், இன்று வந்தது நாளை வராது. அதனால் வீட்டுப் பூனையைவிடத் தெருப்பூனைக்குத்தான் பல் எடுப்பது பொருந்தும். பிடிப்பதே பெரும்பாடு என்பதால், ஒரே மயக்கத்தில் வேறு என்னென்ன செய்யலாம் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆண் பூனையென்றால் கருத்தடையை அதோடு சேர்த்துச் செய்துவிடலாம். பெண் பூனைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், வாயில் சீழ் இருக்கும்போது அதைத் தள்ளிப்போடச் சொல்வேன். வெறிநோய்த் தடுப்பூசியை அன்றே போடலாமா என்பதை உடல்நிலையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். அறுவைக்குப் பிறகு ஏழு முதல் பத்து நாளாவது அடைத்து வைத்துக் கூழ் கொடுக்க ஓர் இடம் வேண்டும். குளியலறை போதும். செலவைத் தெருவில் நாலு பேர் பகிர்ந்துகொள்வதாக இருந்தால், அந்தப் பத்து நாள் யார் வீட்டில் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிட்டு வாருங்கள்.