பின்னுக்குப் போன முன்தோல் திரும்பாவிட்டால்

கடலுக்குப் போய்வந்து குளிக்கும்போது ஆணுறுப்பின் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவுவது நல்ல பழக்கம். கழுவியதும் மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் சிலருக்கு அது நுனியிலுள்ள மொட்டுக்குப் பின்னால் இறுகி நின்றுவிடும். பாராஃபைமோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். தோல் பின்னுக்கே போகாத ஃபைமோசிஸ் வேறு. அதற்கு நாள் பார்த்துப் போகலாம். இதற்கு அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஏன் அவ்வளவு அவசரம்? ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் சிரைகளுக்குச் சுவர் மெல்லிசு. இறுகிய தோல் வளையம் முதலில் அவற்றைத்தான் நசுக்கும். ரத்தத்தைக் கொண்டுவரும் தமனியில் அழுத்தம் அதிகம், அது ரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வருவது வருகிறது, போக வழியில்லை. வீங்க வீங்க வளையம் இன்னும் இறுகும், கடைசியில் தமனியும் அடைபடும். மொட்டு நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் அங்கே சதை சாகத் தொடங்கிவிட்டது என்று பயப்பட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு முன்தோலில் அடிக்கடி புண் வந்து ஆறி, தழும்பேறி இறுகுவதுண்டு. படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு யூரின் டியூப் போட்டபின் தோலை இழுத்துவிட மறப்பது இன்னொரு முக்கியக் காரணம். பேச்சில்லாத நோயாளியால் வலிக்கிறது என்று சொல்லக்கூட முடியாது. அவரைத் துடைத்துவிடுகிறவர்தான் பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் மரத்துப்போகும் ஜெல் தடவி, வீக்கத்தைக் கைக்குள் வைத்துச் சில நிமிடம் விடாமல் அழுத்துவார்கள். வீக்கம் வற்றியதும் கட்டைவிரல்களால் மொட்டை உள்ளே தள்ளி, மற்ற விரல்களால் தோலை முன்னுக்கு இழுப்பார்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். சில இடங்களில் சீனியை வைத்துக் கட்டுவதும் உண்டு. பாம்பன் பக்கம் கருவாட்டுக்கு உப்புப் போட்டு அடுக்கிய மீன் கொஞ்ச நேரத்தில் நீர்விட்டுக் கிடக்குமே, அதேபோல் சீனியும் வீக்கத்து நீரை வெளியே இழுக்கும். சவ்வூடு பரவல் என்பது இதுதான். ஆனால் சீனி வேலை செய்ய நேரம் பிடிக்கும். நிறம் மாறியவருக்கு அந்த நேரம் கிடையாது. வீட்டில் உப்பை வைத்துப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். எதற்கும் மசியாவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டு வளையத்தைக் கீறிவிடுவார்கள். மறுபடி வராமலிருக்கப் பிறகு சுன்னத் செய்யச் சொல்வதுண்டு.

நடுக்கடலில் இப்படி ஆனால்? படகில் ஐஸ் இருக்கும். துணியில் சுற்றிச் சில நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம், நேரடியாக வைக்கக் கூடாது. தோலை ஒருமுறை மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். வரவில்லையென்றால் கூச்சப்படாமல் கூட இருப்பவரிடம் சொல்லிக் கரைக்குத் திருப்புங்கள். விடியும்வரை வலையை இழுத்துக்கொண்டு பொறுத்திருப்பதில்தான் ஆபத்தே. கரையேறியதும் 108-ஐ அழைத்து, டாக்டர் இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.