ஆம்ப் வாங்கும் முன் சத்தத்தைச் சமன் செய்யுங்கள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு பெரியவர் கூப்பிட்டிருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். கச்சேரிப் பதிவுகளை நிம்மதியாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று, நாலே கால் லட்சம் கொடுத்து ஒரு இன்டக்ரேட்டட் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் வாங்கியிருந்தார். பாட்டின் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி, சுருக்கமாக ஆம்ப். "தம்பி, கடையில் கேட்டபோது மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சில் வந்து விழுந்தது. வீட்டில் பழைய ஆம்ப் மாதிரியேதான் இருக்கிறது. ஏதாவது பழுதா, பாருங்கள்" என்றார். அளந்து பார்த்தேன். பழுது எதுவும் இல்லை. நல்ல கருவிதான்.

கடையில் எப்படிக் கேட்டீர்கள் என்று விசாரித்தேன். இரண்டு ஆம்ப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வால்யூம் குமிழை இரண்டிலும் ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே பாட்டைப் போட்டுக் காட்டினார்களாம். விலை கூடியதில் குரல் முன்னால் வந்து நின்றதாம். இருபத்திரண்டு வருடமாக ஆம்ப் பழுது பார்க்கிறேன். இந்தக் கதையைக் கேட்காத வருடமே இல்லை.

குமிழ் ஒரே இடத்தில் இருந்தால் சத்தமும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே வரும் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குவது என்பது ஆம்ப்புக்கு ஆம்ப் மாறும். அவர் வீட்டிலேயே பழையதையும் புதியதையும் ஒரே கோணத்தில் வைத்து அளந்தேன். ஸ்பீக்கர் முனையில் பழையது 2 வோல்ட், புதியது 2.3 வோல்ட். சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில், ஒரு டெசிபலுக்குச் சற்று மேல். இவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் காது 'சத்தம் கூடியது' என்று எடுத்துக்கொள்ளாது. 'தெளிவு கூடியது', 'பேஸ் நிறைந்தது' என்றுதான் எடுத்துக்கொள்ளும். சத்தம் ஏற ஏற, பேஸ் எனும் தாழ்ந்த சுருதி ஒலிகள் காதுக்கு இன்னும் வேகமாக ஏறும். அமெரிக்க ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் நாம் பழகிய அளவுக்குக் குமிழைத் திருப்பி வைக்கிறோம். கடையில் கேட்ட அந்தத் 'தெளிவு' அங்கேயே போய்விடுகிறது.

சத்தத்தைச் சமன் செய்த பிறகு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் பன்னிரண்டு முறை மாற்றி மாற்றிப் போட்டேன். ஏழு முறை சரியாகச் சொன்னார். காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலும் அவ்வளவு வந்திருக்கும். அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சமன் செய்வது பெரிய வித்தை இல்லை. ஒரு மல்ட்டிமீட்டரும், 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றும் போதும். பலர் 1000 ஹெர்ட்ஸ் போடுகிறார்கள். சாதாரண மீட்டர் பல அந்த அலைவரிசையில் சரியாகக் காட்டாது, அதனால் நான் 100-ஐத்தான் சொல்வேன். ஸ்பீக்கர் இணைந்திருக்கும்போதே, சத்தத்தைக் குறைவாக வைத்து, ஏசி வோல்ட்டில் அளக்க வேண்டும். மீட்டரின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று உரசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆம்ப்புக்கும் நடுவில் ஒரு சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குமிழின் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அப்புறம் பாட்டைப் போடுங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை, பணம் உங்களுடையது.

அப்படியானால் எல்லா ஆம்ப்பும் ஒன்றுதானா? இல்லை. நல்ல ஆம்ப் தன்னைக் காட்டும் இடம் வேறு. 87 டெசிபல் உணர்திறன் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எழும் சத்தம்) உள்ள ஸ்பீக்கரில், கூடத்தில் உட்கார்ந்து கேட்கும் சராசரி சத்தத்துக்கு ஒரு வாட் கூடத் தேவைப்படாது. ஆனால் தவிலில் ஓர் அடி விழும் கணத்தில் அந்தச் சராசரியைவிட 20 டெசிபல் எகிறலாம். 20 டெசிபல் என்றால் 100 மடங்கு வாட். அந்தக் கணத்தைத் தாங்க முடியாத ஆம்ப், அடியின் நுனியை வெட்டிவிடும். கேட்பவருக்கு அது ஒரு கரகரப்பாகவோ, காது சீக்கிரம் களைப்பதாகவோ தெரியும். ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையை ஓமில் சொல்வார்கள்; பின்னால் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் சில அலைவரிசைகளில் 3, 4 ஓம் வரை இறங்கும். அங்கே மின்னோட்டம் கொட்ட வேண்டும். அதனால் 8 ஓமில் எத்தனை வாட் என்பதோடு நிற்காமல் 4 ஓமில் எத்தனை என்றும் பாருங்கள். 100 வாட் 200-க்குப் பக்கத்தில் போனால் பவர் சப்ளை வலுவாக இருக்கிறது. 120-ல் நின்றுவிட்டால் யோசியுங்கள். 1978-ல் வந்த என்.ஏ.டி. 3020 என்ற ஆம்ப்புக்கு எழுத்தில் 20 வாட்தான். கணநேர உச்சத்துக்கும் கஷ்டமான ஸ்பீக்கருக்கும் ஈடு கொடுத்ததால்தான் இன்றுவரை அதைப் பற்றிப் பேசுகிறோம்.

பெரியவரின் ஸ்பீக்கர் சுலபமான ஸ்பீக்கர், கூடமும் சிறியது. புது ஆம்ப்பின் பலத்துக்கு அங்கே வேலையே இல்லை. கூடத்தில் கைதட்டினால் டைல்ஸ் தரைக்கும் வெறும் சுவருக்கும் நடுவே படபடவென்று எதிரொலித்தது. கனமான ஜமுக்காளம் ஒன்று, கெட்டியான திரைச்சீலை, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தது, அவ்வளவுதான் செய்தோம். தம்புரா அன்று மாலையே வேறாகக் கேட்டது.

ஷோரூமில் யாரும் செய்யாத சோதனை ஒன்று உண்டு. இரவு பத்து மணிக்கு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவில் வைத்துப் பாருங்கள். குமிழ் அடியில் இருக்கும்போது இடது வலது சமமாக இல்லாவிட்டால், நடுவில் இருக்க வேண்டிய குரல் ஒரு பக்கம் சாயும். விலை உயர்ந்த ஆம்ப்பிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பாட்டை நிறுத்திவிட்டு ட்வீட்டர் (ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் சின்ன வட்டம்) பக்கத்தில் காதை வையுங்கள். மெல்லிய இரைச்சல் பரவாயில்லை. உட்கார்ந்த இடத்துக்கே கேட்டால் வேண்டாம். ரீங்காரம் வந்தால் முதலில் வீட்டு எர்த்தைச் சோதியுங்கள், ஆம்ப் மேல் பழி போடுவது அதற்கப்புறம்.

கிளாஸ் ஏ (எப்போதும் மின்னோட்டத்தை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும்) வகை ஆம்ப் வாங்குபவர்கள் சூட்டை யோசிக்க வேண்டும். பாட்டு ஓடாதபோதும் 150 வாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருப்பவை உண்டு. சென்னை மே மாதத்தில், கண்ணாடி ஷோகேஸுக்குள் அதை அடைத்தால், உள்ளே மின்னைச் சேமித்துக் கொடுக்கும் கெப்பாசிட்டர்கள் வேகமாகச் சாகும். 10 டிகிரி சூடு ஏறினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. மேலே ஒரு சாணாவது இடைவெளி விடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து விற்பதை வாங்கினால், பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120, நமக்கு 230. எரிந்துபோன டிரான்ஸ்ஃபார்மர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்றாவது என் மேஜைக்கு வருகின்றன. அந்த மாடலுக்கு உதிரி பாகம் இங்கே கிடைக்காது என்று கொண்டுவருபவர்களிடம் சொல்வதுதான் என் வேலையிலேயே எனக்குப் பிடிக்காத பகுதி.

கடையில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். கொண்டுவந்தால் உங்கள் பழைய ஆம்ப்பையும் பக்கத்தில் வைத்து, மீட்டரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மாற்றிப் போடுவதை வீட்டில் வேறு யாரிடமாவது விடுங்கள், எது எது என்று அவர்கள் சொல்லக் கூடாது.