தடைக்காலத்தில் கேட்கும் குறட்டை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ராமநாதபுரத்தில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருக்கும் என்னிடம் அந்த நாட்களில் குறட்டைப் புகார் கூடுதலாக வரும். கொண்டுவருபவர்கள் மீனவர்கள் அல்லர், அவர்களுடைய மனைவியர். மற்ற மாதங்களில் வாரத்தில் சில இரவுகளாவது கணவர் கடலில் இருப்பார். அந்த இரவுகளில் இவர்கள் தூங்கிக்கொள்வார்கள். தடைக்காலத்தில் அதுவும் இல்லை.

போன மே மாதம் பாம்பனிலிருந்து ஓர் அக்கா வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஓயாத தலைவலி என்றார். காதிலும் மூக்கிலும் கோளாறு இல்லை. எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று கேட்டேன். "மூன்று மணிக்கு, டாக்டரம்மா. நாட்டுப்படகு மீன் ஏலத்துக்குப் போக வேண்டும்." தூங்குவது எப்போது? "அவர் தூங்குவதற்கு முன்னால் தூங்கிவிட்டால் உண்டு. இல்லையென்றால் அன்றைக்கு இல்லை."

கணவர் வெளியே பெஞ்சில் இருந்தார். கூப்பிட எழுந்து போனேன். காலை பதினொரு மணி, சுற்றிலும் கூட்டம், குழந்தைகளின் அழுகை. அவர் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார், குறட்டையுடன். அதற்குப் பிறகு எனக்கு அக்காவின் தலைவலியைவிட அவரைப் பற்றித்தான் கவலை.

"நன்றாகத் தூங்குகிறவன்தான் குறட்டை விடுவான்" என்ற பேச்சு நம் பக்கத்தில் அழியாமல் இருக்கிறது. நேர்மாறு. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன; மூச்சு போகும் வழி குறுகுகிறது. இழுத்துக் கட்டாத படகுப் பாய் காற்றில் படபடப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்நாக்கும் மெல்லண்ணமும் (மேல்வாயின் மெத்தென்ற பின்பகுதி) அப்படித்தான் அடித்துக்கொள்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரிந்து வழியை இன்னும் அடைக்கும். உடல் எடை, மூக்கடைப்பு, மது, தூக்க மாத்திரை எல்லாமே இதைக் கூட்டும். உடம்பு வலி தீர என்று இரவில் குடிப்பவர்களுக்கு இது கசக்கும், ஆனாலும் சொல்கிறேன்: படுப்பதற்கு முந்தைய நான்கு மணி நேரமாவது மது கூடாது.

எல்லாக் குறட்டையும் நோய் அல்ல. நான் அஞ்சுவது சத்தத்தை அல்ல, சத்தம் திடீரென்று நிற்பதை. மூச்சு பத்து விநாடியோ அதற்கு மேலோ நின்று, பிறகு திணறலோடு திரும்பி வந்தால் அது மூச்சுத்தடைக் கோளாறாக இருக்கலாம். மணிக்கு ஐந்து தடவைக்குக் குறைவு என்றால் பெரிதாகக் கொள்வதில்லை. முப்பதைத் தாண்டினால் கடுமை. ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, மூளை அரைகுறையாக விழிக்கிறது. இதைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்காமல் போவதுண்டு. இரவெல்லாம் மீன் வண்டி ஓட்டுகிறவருக்கு இந்தக் கோளாறு இருந்தால், சாலையில் எதிரே வருகிறவருக்கும் ஆபத்துதான்.

நோயாளிக்கு இதில் எதுவும் தெரியாது. சாட்சி பக்கத்தில் படுத்திருப்பவர் மட்டுமே. அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: அவருடைய நெஞ்சு தெரியும்படி கைபேசியில் இரண்டு மூன்று நிமிடம் படம் எடுத்து வாருங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறது, ஆனால் மூச்சுச் சத்தம் இல்லை என்றால் அடைப்பு தொண்டையில் என்று ஊகிக்கலாம். உறுதி செய்ய இரவுத் தூக்கப் பரிசோதனை வேண்டும். இப்போது வீட்டிலேயே செய்யும் கருவியும் வந்துவிட்டது.

இனி, தூக்கம் கெட்டவருக்கு. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது தேவை. நம் வீடுகளில் அந்தக் கணக்கைப் பெண்களுக்கு யாரும் போடுவதில்லை. சில இரவுகள் வேறு அறையிலோ திண்ணையிலோ பாய் விரித்துப் படுத்தால் குடும்பம் உடைந்துவிடாது. மாமியார் கேட்டால் டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள், பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஒற்றை அறை வீடு என்றால் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குப் பின்னால் கெட்டியான தலையணையை அணையுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்துவதும் சிலருக்கு உதவுகிறது. காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பயன் இல்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற நுரை அடைப்பான் தேவலாம். ஆனால் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களில் காதில் சீழ் வடிகிற பலரைப் பார்க்கிறேன். அவர்கள் அடைப்பான் வைக்கவே கூடாது, முதலில் காதைக் காட்ட வேண்டும்.

மூக்கில் எண்ணெயோ நெய்யோ விட்டுக்கொண்டு படுக்காதீர்கள். தூக்கத்தில் அது நுரையீரலுக்குள் இறங்கினால் வேறு வியாதி வரும். கொசுவர்த்திப் புகையில் மூக்கடைக்கிறவர்கள் கொசுவலைக்கு மாறலாம்.

குறட்டை ஆண்களின் சொத்து என்றும் நினைக்க வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது கூடும், வெட்கத்தில் மறைத்துவிடுகிறார்கள். கர்ப்பிணி புதிதாகக் குறட்டை விட ஆரம்பித்தால் அடுத்த பரிசோதனையிலேயே சொல்லிவிடுங்கள், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டியிருக்கும்.

பாம்பன்காரருக்குப் பரிசோதனையில் கடுமை என்று வந்தது. மூக்கில் முகமூடி வைத்துத் தொடர்ந்து காற்றைச் செலுத்தும் இயந்திரத்தை முதலில் வேண்டாம் என்றார், பிறகு பழகிவிட்டார். பகலில் தூங்குவதில்லை. அக்காவின் தலைவலியும் குறைந்துவிட்டது, மாத்திரை எதுவும் நான் தரவில்லை. தடைக்காலம் முடிந்து அவர் கடலுக்குப் போனபோதுதான் சிக்கல்: இயந்திரம் வீட்டில், அவர் படகில். முதுகுக்குப் பின்னால் லைஃப் ஜாக்கெட்டை வைத்து ஒருக்களித்துப் படுப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் இவ்வளவு கடுமையான மூச்சுத்தடைக்கு அது போதாது. பேட்டரியில் ஓடும் இயந்திரத்தைப் பற்றிப் பேச அடுத்த வாரம் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.